ஒரு பாட்டே விலாசமான கதை

பழைய பாட்டுப் பைத்தியங்கள் எல்லா ஊரிலும் உண்டு. மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்பு அங்கே கிராமபோன் தட்டு தேடி அலைந்தவர்களைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அமெரிக்காவிலும் அப்படி ஒரு கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவர், பாட்டில் வந்த ஊர்ப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, பாடியவரையே தேடிக் கண்டுபிடித்துவிட்டார். ஆண்டு 1963.

முதலில் பாடியவரைப் பற்றி. பெயர் ஜான் ஹர்ட். மிஸிஸிப்பி மாநிலத்தில் அவலான் என்ற சின்னக் கிராமம். கறுப்பினத்தவர், விவசாயக் கூலி. சிறுவயதில் தானாகவே கிதார் கற்றுக்கொண்டு, ஊர் விசேஷங்களில் வாசித்துக்கொண்டிருந்தார். அந்தப் பகுதியில் வில்லி நார்மோர் என்று ஒரு வெள்ளைக்கார பிடில்காரர் இருந்தார். அவரைப் பதிவு செய்ய வந்த 'ஓகே' ரிக்கார்டு கம்பெனிக்காரர்களிடம் (கம்பெனியின் பெயரே அதுதான்!) "ஹர்ட் என்று ஒருவர் இருக்கிறார், கேட்டுப் பாருங்கள்" என்று அவர்தான் சொல்லியிருக்கிறார். கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் பள்ளிக்கூடம் முதல் தண்ணீர்க் குழாய் வரை தனித்தனியாக இருந்த ஊரில் இப்படி ஒரு சிபாரிசு நடந்தது ஆச்சரியம்தான்.

1928 பிப்ரவரியில் மெம்பிஸ் நகரிலும், டிசம்பரில் நியூயார்க்கிலும் ஹர்ட் பாடினார். விற்பனைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று பெயருக்கு முன்னால் 'மிஸிஸிப்பி'யைக் கம்பெனியே ஒட்டிவிட்டது. நியூயார்க்கில் பாடியவற்றில் ஒன்று 'அவலான் ப்ளூஸ்'. ஊரை விட்டு வெகுதூரம் வந்த மனிதர், சொந்த ஊரின் பெயரைப் பாட்டிலேயே வைத்துவிட்டார்.

மொத்தம் 6 தட்டுகள், 12 பாட்டுகள் வெளிவந்தன. பெரிதாக விற்கவில்லை. அடுத்த ஆண்டு அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்தது. 1927-ல் அமெரிக்காவில் சுமார் 10 கோடி தட்டுகள் விற்றன என்றும், 1932-ல் அது 60 லட்சத்துக்கு இறங்கியது என்றும் கணக்குச் சொல்கிறார்கள். இந்தச் சரிவில் ஹர்ட் மாதிரி ஆட்களை யார் மறுபடி கூப்பிடுவார்கள்? அவர் வயலுக்கே திரும்பிப் போனார். கிட்டத்தட்ட 35 வருடம், மாடு மேய்ப்பு, பருத்தி, சோளம்!

இடையில் தட்டுகளுக்கும் ஆபத்து வந்தது. 78 சுற்றுத் தட்டு என்பது அரக்கில் செய்தது. அந்த அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் போனது, நம் ஊர் மரங்களில் பூச்சி உண்டாக்கும் பிசின். போர் வந்து கப்பல் போக்குவரத்து தடுமாறியதும், 1942-ல் அமெரிக்க அரசு தட்டுக் கம்பெனிகளின் அரக்கு உபயோகத்தை 70 சதவீதம் வெட்டியது. பழைய தட்டுகளை எடைக்கு வாங்கி, அரைத்து, புதுத் தட்டு செய்தார்கள். எந்தெந்தப் பாட்டு அந்த மாவில் போனதோ, கடவுளுக்கே வெளிச்சம். கணக்குப் புத்தகத்தில் பழைய சரக்கின் மதிப்பு பூஜ்யம். வியாபாரம் தெரிந்தவர் யாரும் அதைச் செய்யத்தான் செய்வார்கள், தப்பு சொல்ல முடியாது.

மிச்சத்தைக் காப்பாற்றியவர்கள் வியாபாரம் தெரியாத ரசிகர்கள். நியூயார்க் புரூக்ளினில் ஜேம்ஸ் மெக்கூன் என்று ஒருவர், ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஒற்றை அறை, கட்டிலுக்கு அடியில் பெட்டிகளில் 300 தட்டு போல. அவ்வளவுதான் அவர் சொத்து. மற்றவர்கள் ஜாஸ் தட்டுகளின் பின்னால் ஓடியபோது, கீறல் விழுந்த கிராமத்து ப்ளூஸ்தான் பெரிய சங்கீதம் என்று நண்பர்களிடம் மல்லுக்கு நின்றார். இன்னும் சிலர் தென் மாநிலங்களில் வீடு வீடாகக் கதவைத் தட்டி, பழைய தட்டு இருக்கிறதா என்று கேட்டு வாங்கினார்கள். ஹாரி ஸ்மித் என்பவர் 1952-ல் தன் சேகரிப்பிலிருந்து 84 பாட்டுகளைத் தொகுத்து ஃபோக்வேஸ் கம்பெனி மூலம் எல்.பி.யாக வெளியிட்டார். அதில் ஹர்ட் பாட்டு இரண்டு. பாடியவர் கறுப்பா வெள்ளையா என்று ஸ்மித் வேண்டுமென்றே எழுதவில்லை. ஹர்ட் வெள்ளைக்காரர் என்றே பலர் வருடக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தார்களாம்! இன வாரியாகக் கேட்டலாக் போட்ட கம்பெனிகளுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

இனி 1963. வாஷிங்டனில் டிக் ஸ்பாட்ஸ்வுட், டாம் ஹாஸ்கின்ஸ் என்று இரண்டு இளைஞர்கள். 'அவலான் ப்ளூஸ்' ஒரு டேப்பில் இவர்கள் கைக்கு வருகிறது. பாடுகிறவர் தன் ஊரைச் சொல்கிறாரே, அது எங்கே? புது வரைபடங்களில் அப்படி ஓர் ஊரே இல்லை. பழைய அட்லஸ் ஒன்றில் கிரீன்வுட்டுக்கும் கிரெனடாவுக்கும் நடுவில் புள்ளியாக இருந்தது. ஹாஸ்கின்ஸ் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அங்கே போய் ஒரு கடையில் ஜான் ஹர்ட்டைத் தெரியுமா என்று கேட்டால், மேட்டில் மூன்றாவது தபால் பெட்டி என்று சர்வசாதாரணமாக வழி சொன்னார்களாம். உலகத்துக்குத்தான் அவர் காணாமல் போனவர், ஊருக்கு இல்லை.

ஹர்ட்டுக்கோ பயம். முந்தின வருடம்தான் மெரிடித் என்ற கறுப்பு மாணவர் மிஸிஸிப்பி பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததற்குக் கலவரம் வெடித்து, இரண்டு பேர் இறந்திருந்தார்கள். வடக்கிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பையன் வந்து வாசலில் நின்றால் எஃப்.பி.ஐ. என்று நினைக்காமல் என்ன செய்வார்? அவரிடம் சொந்தமாகக் கிதார் கூட இல்லை. ஹாஸ்கின்ஸ் கொண்டுபோன கிதாரை வாங்கி வாசித்தார். கட்டைவிரல் தாளத்தைப் பிடித்துக்கொள்ள, மற்ற விரல்கள் மெட்டை எடுக்கும் அந்த வாசிப்பில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. அதே ஜூலையில் நியூபோர்ட் விழா மேடையில் எழுபது வயதுக்காரர் உட்கார்ந்து வாசிக்க, கல்லூரிப் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள்.

இதைப் பார்த்து மற்றவர்களும் கிளம்பினார்கள். 1964 ஜூனில் ஸ்கிப் ஜேம்ஸை ஒரு குழு மிஸிஸிப்பி ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தது. அதே மாதம் இன்னொரு குழு சன் ஹவுஸை மிஸிஸிப்பியில் தேடு தேடென்று தேட, மனிதர் நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரில் இருந்தார். கிதாரை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. ஆல் வில்சன் என்ற இளைஞர், ஹவுஸின் பழைய தட்டுகளைக் கேட்டுக் கற்றுக்கொண்டதை ஹவுஸுக்கே திருப்பிச் சொல்லிக்கொடுத்தார். குருவுக்கே பாடம்! அந்த ஜூனில்தான் மிஸிஸிப்பியில் மூன்று சிவில் உரிமை இளைஞர்கள் கொலை செய்யப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தத் தேடல் வெறும் பொழுதுபோக்காகத் தெரியாது.

ஆனால் எல்லாமே இனிப்பு இல்லை. கண்டுபிடித்த ரசிகர்களே மேனேஜர்களாகவும் ஆனார்கள். ஹர்ட்டின் பதிவு உரிமைக்காக மியூசிக் ரிசர்ச், வேன்கார்ட் என்ற இரண்டு கம்பெனிகள் கோர்ட்டில் மோதிக்கொண்டது 1976 வரை நீண்டது. ஹர்ட் 1966 நவம்பர் 2-ம் தேதியே கிரெனடாவில் இறந்துவிட்டார். இரண்டாவது வாழ்க்கை மூன்றரை வருடம்தான். ரசிகர் மேல் தப்பா? தேடிப் போகாவிட்டால் அந்த மூன்றரை வருடமும் இல்லை. அதற்காக, கண்டெடுத்த பொருள் மாதிரி ஒரு மனிதருக்குச் சொந்தம் கொண்டாடலாமா என்ற கேள்வி போகவும் போகாது.

அவர் வீட்டை மியூசியமாக வைத்திருந்தார்கள். 2024 பிப்ரவரியில் அது எரிந்துபோனது. கேட்க விரும்பும் நண்பர்கள் 1928 பதிவுகளிலேயே ஆரம்பிக்கலாம், 1996-ல் சி.டி.யாக ஒரே தொகுப்பில் வந்தது. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். கரகரப்பு முதல் பாட்டு வரைக்கும்தான் தெரியும், அப்புறம் காது பழகிவிடும் :-)