புல்லட் ஏன் பாதி வழியில நிக்கல? ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் வரலாறு

இந்த எபிசோடும் வரலாறுதான். ஆனா ராஜா, ராணி, போர் எதுவும் கிடையாது. கார்ப்பரேட்டர், கிளட்ச் கேபிள், ஸ்பேனர். இவ்வளவுதான் கதாபாத்திரங்கள்.

1952 ஜனவரி, அர்ஜென்டினா. 23 வயசு மருத்துவ மாணவர் ஒருத்தர், அவரோட 29 வயசு நண்பர், ஒரு பழைய நார்ட்டன் 500 பைக். தென் அமெரிக்காவையே சுத்திப் பார்க்கக் கிளம்புறாங்க. அந்த மாணவர்தான் பின்னாடி உலகமே டி-ஷர்ட்ல போட்டுக்கிட்ட சே குவேரா. நண்பர் பேரு ஆல்பர்ட்டோ கிரனாடோ. படம் பார்த்தவங்களுக்குக் கதை தெரிஞ்சிருக்கும். ஆனா பைக்குக்கு என்ன ஆச்சுன்னு கவனிச்சீங்களா? சிலி நாட்டுக்குள்ள நுழைஞ்ச கொஞ்ச நாள்லயே அது மொத்தமா படுத்துடுச்சு. மீதிப் பயணம் பூரா லாரி, கப்பல், நடைதான்.

அந்த நார்ட்டன் செஞ்சது இங்கிலாந்துல, பர்மிங்ஹாம்ல. அங்கிருந்து கொஞ்ச தூரத்துல ரெட்டிச்னு ஒரு ஊர். அங்க செஞ்ச இன்னொரு பைக்கோட டிசைன்தான் நம்ம ஊர்ல அதுக்கப்புறம் 50 வருஷத்துக்கு மேல ஓடுச்சு. கன்னியாகுமரி போச்சு, லடாக் போச்சு. அதுதான் புல்லட். ரெண்டுமே அதே காலத்து இங்கிலீஷ் இரும்பு. ஒண்ணு பாதியில நின்னுச்சு, இன்னொண்ணு ஏன் நிக்கல?

‘புல்லட் வண்டி ஸ்ட்ராங், மச்சி’ன்னு சொல்லுவாங்க. எனக்கு அது சரியான பதிலாத் தெரியல. பழைய புல்லட்ல ஆயில் கசியும், அதிர்வுல நட்டு போல்ட்டு லூஸாகும். இது ஓட்டுற எல்லாருக்கும் தெரியும். நிஜமான பதில் நம்ம திருவொற்றியூர்ல இருக்கு.

டூல்ஸ் கப்பல் ஏறின கதை

1950-களோட தொடக்கத்துல இந்திய ராணுவம் எல்லை ரோந்துக்கு புல்லட்டைத் தேர்ந்தெடுக்குது. அதை இறக்குமதி பண்ணிக் கொடுத்தது மெட்ராஸ் மோட்டார்ஸ். 1955-ல ரெட்டிச் கம்பெனியும் அவங்களும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்குறாங்க. முதல்ல பாகங்களைக் கொண்டு வந்து இங்க பூட்டுறது மட்டும்தான் வேலை. 1957-ல பாகங்களைச் செய்யத் தேவையான டூல்ஸையே வாங்குறாங்க. 1962 வாக்குல முழு வண்டியும் இங்கயே தயார்.

அதே 60-களோட தொடக்கத்துல இங்கிலாந்துல புல்லட் உற்பத்தி நின்னுடுச்சு. 1967-ல ரெட்டிச் தொழிற்சாலையை மூடினாங்க. 1970-ல அங்க ராயல் என்ஃபீல்டு கதையே முடிஞ்சது. மெட்ராஸ்ல மட்டும் அதே 1955 மாடல் வண்டி வந்துக்கிட்டே இருந்துச்சு. 1977-ல இங்கயிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி பண்ற அளவுக்குப் போயிடுச்சு!

ஏன் மாடலை மாத்தல? அது லைசென்ஸ் ராஜ் காலம். வெளிநாட்டுத் தொழில்நுட்பம் வாங்க அனுமதி வேணும், அந்நியச் செலாவணி வேணும். போட்டியும் குறைவு. மாத்தணும்ங்கிற அவசரமே இல்ல. தொழில் கோணத்துல பார்த்தா இது தேக்கம். 80-கள் நடுவுல ஜப்பான் கூட்டு 100 சிசி வண்டிகள் வந்தப்போ அந்தத் தேக்கத்துக்குக் கம்பெனி நல்லாவே விலை கொடுத்துச்சு.

ஆனா ரோட்ல போறவனுக்கு அதே தேக்கம் வரமாச்சு. நம்ம சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா பேக்வர்டு கம்பாட்டிபிலிட்டி. அப்பா காலத்து வண்டிக்கு, முந்தா நாள் வந்த வண்டியோட பாகம் நிறைய பொருந்தும். சென்னை ஜி.பி. ரோடு, புதுப்பேட்டையில ஆரம்பிச்சு தில்லி கரோல் பாக் வரைக்கும் ஸ்பேர் கிடைக்கும். ஒரே இன்ஜினை 30 வருஷம் பிரிச்சுப் பூட்டின மெக்கானிக்குகள் ஊர் ஊருக்கு உருவானாங்க. இன்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனிங்கிறதால கியர்பாக்ஸை மட்டும் பிரிச்சு வேலை பார்க்கலாம்.

ஃப்ரெண்ட்ஸோட போறப்போ இது இன்னும் முக்கியம். எங்க குரூப்ல கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு ஷீட் போடுவோம். கேபிள் ஒருத்தன், செயின் லிங்க் ஒருத்தன், பிளக்கும் பாயின்ட்டும் ஒருத்தன். எல்லா வண்டியும் ஒரே ரகமா இருந்தா நாலு பேருக்கும் சேர்த்து ஒரே கிட் போதும். ஆளுக்கொரு கம்பெனின்னா நாலு கிட் சுமக்கணும்.

மைசூர்ல நடந்தது வேற

ஐடியல் ஜாவா 1961-ல மைசூர்ல செக் நாட்டு ஜாவா பைக்கைச் செய்ய ஆரம்பிச்சாங்க. 1973-லிருந்து யெஸ்டி. 1996-ல கம்பெனியை மூடிட்டாங்க. அதுக்கப்புறம் அந்த வண்டிகளைக் காப்பாத்தினது ஓட்டுனவங்களும் மெக்கானிக்குகளும்தான். பழைய கடைகள்ல தேடுறது, கிடைச்சதைப் பகிர்ந்துக்கறது, கிடைக்காததை லேத்ல கொடுத்துக் கடையறது. 2018-ல ஜாவா பேரு திரும்பி வந்துச்சு. ஆனா அது தண்ணியில குளிர்ற ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின். பழையது டூ ஸ்ட்ரோக். பேரு ஒண்ணு, இன்ஜின் பாகம் எதுவும் சேராது.

லே ரோடு வைக்கிற பரீட்சை

மணாலி–லே ரோடு சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்தது 1989-ல. அதுக்கப்புறம்தான் ‘லடாக் ட்ரிப்’ ஒரு கனவாவே மாறுச்சு. தாண்டியில பெட்ரோல் போட்டா அடுத்த பங்க் 365 கி.மீ.ன்னு ரொம்ப காலமா ஒரு போர்டு உண்டு. பழைய புல்லட் டேங்க் சுமார் 14 லிட்டர். கணக்கு இழுபறிதான், அதான் கேன் கட்டிக்கிட்டுப் போவாங்க.

வழியில டங்லங் லா, 5,300 மீட்டருக்கு மேல. அங்க காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல ஏறக்குறைய பாதி. கார்ப்பரேட்டருக்கு இது தெரியாது. கீழ விட்ட அதே கணக்குல பெட்ரோலை விடும். பிளக் கருத்துப் போகும், கறுப்புப் புகை வரும், வண்டி இழுக்காது. சின்ன ஜெட் மாத்தணும், பிளக் துடைக்கணும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில சென்சாரே காத்தை அளந்து பெட்ரோலைக் குறைச்சுக்கும். இந்த விஷயத்துல புதுசுதான் நல்லது, சந்தேகமே இல்ல. புகை விஷயத்துலயும் அப்படித்தான்.

ஆனா அந்த சென்சார் போச்சுன்னா? ஸ்பேனர் போதாது, ஸ்கேனர் வேணும். 2010 வாக்குல புல்லட்டோட பழைய வார்ப்பிரும்பு இன்ஜினும் நின்னுடுச்சு. கியர்பாக்ஸும் சேர்ந்த ஒரே கூடு வந்துச்சு. 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்ததும் புது புல்லட்லயும் இன்ஜெக்‌ஷன்தான்.

பழைய வண்டிக்குச் சட்டமும் நெருக்குது. 15 வருஷம் ஆனா ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும். தில்லி சுற்றுவட்டாரத்துல 15 வருஷம் தாண்டின பெட்ரோல் வண்டி ஓடக்கூடாதுன்னு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018-ல உச்ச நீதிமன்றமும் உறுதி செஞ்சது. அதுக்கப்புறமும் வழக்கு ஓய்ந்தபாடில்ல. சென்னையிலிருந்து லே போக ரூட் போடுறவங்க இதையும் பார்த்துதான் போடணும். தில்லி காத்து இருக்கிற நிலைமையில அந்தத் தடைக்கும் காரணம் இருக்கு.

வண்டிகளை மியூசியத்துல வெச்சுக் காப்பாத்திடலாம். எனக்குக் கவலை மெக்கானிக் அண்ணன்களோட காது பத்தி. சத்தத்தை வெச்சே டேப்பட் லூஸான்னு சொல்ற அந்த அறிவு எந்த மேனுவல்லயும் முழுசா இல்ல. பல பேர் 60 வயசைத் தாண்டிட்டாங்க, அவங்க பசங்க வேற வேலைக்குப் போயிட்டாங்க. அவங்க கடையை மூடினா டாக்குமென்டேஷன் இல்லாத ஒரு பெரிய கோட்பேஸ் டெலீட் ஆகுது.

அதனால ஒரு வேண்டுகோள். உங்க ஏரியாவுல பழைய புல்லட்டோ, ஜாவாவோ, யெஸ்டியோ பார்க்கிற மெக்கானிக் இருந்தா, ஒரு ஞாயித்துக்கிழமை டீ வாங்கிக் கொடுத்துப் பக்கத்துல உட்காருங்க. அவர்கிட்ட கேட்டுட்டு, அவர் வேலை செய்யும்போது சொல்றதை ஃபோன்ல ரெக்கார்டு பண்ணி எங்களுக்கு அனுப்புங்க. வர்றதை வெச்சு அடுத்தடுத்த எபிசோட் பண்ணலாம். ஹெல்மெட் மறக்காதீங்க. மறுபடி சந்திப்போம்!