செவியும் வேகமும்: விருதுநகர் மாவட்ட நாயினங்களின் இயல்பும் வளர்ப்பு மரபும் — ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ராஜபாளையம், சிப்பிப்பாறை ஆகிய நாயினங்கள் குறித்த எழுத்துகள் பெரும்பாலும் அவற்றின் வீரத்தையும் தொன்மையையும் போற்றுவனவாகவே அமைந்துள்ளன. அந்நாய்களின் அன்றாடத் தேவைகள் எவை, வளர்ப்புச் சூழல் மாறியபோது அத்தேவைகள் என்னவாயின என்னும் வினாக்கள் குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளன. வேட்டைத் தொழிலின் மறைவு, வெண்ணிறத்தின்மீது கொண்ட பற்று, வெடியொலிச் சூழல் ஆகிய மூன்றின் வழியே அவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ராஜபாளையம் நாய், சிப்பிப்பாறை, கரிசல், முயல் வேட்டை, கேளாமை, சிவகாசி, பட்டாசு ஒலி.

முன்னுரை

1985-இல் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவான விருதுநகர் மாவட்டத்தைத் திருவில்லிபுத்தூரின் ஆண்டாள் கோயிலுக்கும் பால்கோவாவுக்கும் அப்பால் வெளியுலகு அறிந்திருப்பது சிவகாசிப் பட்டாசினாலும் நாயினாலும் எனலாம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த ராஜபாளையமும், கிழக்கே கரிசல் காட்டில் அமைந்த சிப்பிப்பாறையும் தத்தம் பெயரை இரு நாயினங்களுக்கு வழங்கியுள்ளன. இவ்வூர்கள் அமைந்த அதே மாவட்டத்திலேயே சிவகாசியும் வெம்பக்கோட்டையும் உள்ளன. நாட்டின் பட்டாசு உற்பத்தியில் ஏறத்தாழ 90 விழுக்காடு இவ்வட்டாரத்தைச் சார்ந்தது எனக் கணக்கிடப்படுகிறது. சிப்பிப்பாறையும் இன்று பட்டாசு ஆலைகள் உள்ள ஊரே. 2020 மார்ச்சில் அவ்வூர் ஆலையொன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். கூர்ந்த செவி படைத்த ஒரு விலங்கின் பெயரும் வெடியின் பெயரும் ஒரே மண்ணில் வேரூன்றியமை தற்செயலே. ஆயினும் அத்தற்செயல் ஆராய்தற்குரியது.

நடுகல்லில் நாய்

நாயை ஞமலி, ஞாளி, கதநாய் எனப் பலவாறு சுட்டும் மரபு சங்கப் பாடல்களிலேயே உண்டு. கதநாய் என்பதில் சினம் முதன்மை பெறுகிறது. நாயின் குணத்தை அதன் சினத்தைக் கொண்டே மதிப்பிடும் போக்கு பழமையானது என்பதற்கு இச்சொல்லே சான்று. எனினும் தமிழகத்தில் நாய்க்கெனப் பொறிக்கப்பட்ட மிகச் சிறந்த சான்று வேறொரு குணத்தைப் பேசுகிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. தொறுப்பூசலில் பட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுடன் அவனது நாயையும் அது காட்டுகிறது. கோவிவன் என்னும் அந்நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. நாய்க்கு ஒரு தனிப்பெயர் இருந்ததும், அப்பெயர் கல்லில் இடம்பெறத் தக்கதெனக் கருதப்பட்டதும் இங்குக் கவனத்திற்குரியன. பெயரிட்டு அழைக்கப்படும் நாய் மனிதக் குரலுக்குப் பழகிய நாய். குரலைக் கேட்டு நடக்கும் உறவு அது. இக்கட்டுரையின் பிற்பகுதி இவ்வுறவு அறுபட்ட ஒரு நிலையைப் பற்றியதாகும்.

ராஜபாளையம் நாய்கள் பாளையக்காரர் போர்களில் ஆங்கிலேயக் குதிரைப்படையை எதிர்த்தன என்னும் செய்தி பல நூல்களிலும் இதழ்களிலும் திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. அதனை வாய்மொழி மரபாகக் கொள்வதே முறை. அவ்வினத்தின் சிறப்பை நிறுவ அச்செய்தி தேவையுமில்லை.

கரிசலின் ஓட்டம்

சிப்பிப்பாறை நாய் மோப்பத்தைக் காட்டிலும் கண்ணால் இரையைக் கண்டு துரத்தும் வகையைச் சேர்ந்தது. நீண்ட கால்கள், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, குட்டையான மென்மயிர் ஆகியவை மரமற்ற, பரந்த, வெப்பம் மிக்க சமவெளிக்கு ஏற்ற உடலமைப்பு. கம்பும் சோளமும் பருத்தியும் விளைந்த மானாவாரிக் கரிசல், அறுவடைக்குப்பின் பல மாதங்கள் வெட்டவெளியாகக் கிடக்கும். முயல் வேட்டை அக்காலத்திற்குரியது. கம்பங்கூழும் சோளச்சோறும் வீட்டில் கிடைக்கும் மீதமும் நாயின் உணவாயின. வேட்டையில் கிடைத்த பங்கு அதற்கு மேலானது.

இவ்வாழ்க்கையில் நாயின் தேவைகளை எவரும் தனியாகப் பட்டியலிடவில்லை. அவை வேலையினூடே நிறைவேறின. விரைந்தோடும் நாய்க்கு வேண்டியது நாள் முழுதும் அலைச்சலன்று. குறுகிய நேரம் முழுவேக ஓட்டமும் நெடுநேர ஓய்வுமாகும். வேட்டையும் அதன்பின் திண்ணை நிழலில் கிடக்கும் பகற்பொழுதும் அத்தாளத்திற்கு இயல்பாகவே பொருந்தின. பிற நாய்களோடும் மாந்தரோடும் சேர்ந்து செல்வதால் கூட்டுறவுப் பழக்கமும் அமைந்தது.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முயல் வேட்டையையும் குற்றமாக்கியது. அச்சட்டத்தின் தேவையை இங்கு வாதிட வேண்டியதில்லை. ஆயின் ஓர் இனத்தின் தொழில் சட்டத்தால் நின்றபோது அத்தொழிலுக்கென உருவான உடலும் உந்துதலும் நின்றுவிடவில்லை. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியது முதல் வளர்ந்த தொழில்கள், மழை பொய்க்கும் அதே கரிசலில் மக்களுக்கு வேறொரு பிழைப்பைத் தந்தன. காடு வேலிக்குள் சென்றது. நாய் சங்கிலிக்குச் சென்றது.

நகர வீடுகளுக்கு விற்கப்பட்ட சிப்பிப்பாறை பற்றி இரண்டு முறையீடுகள் பொதுவாக எழுகின்றன. ஒன்று, எவ்வளவு உண்டாலும் விலா எலும்பு தெரிகிறது என்பது. இது நோயன்று, ஓட்ட நாய்களின் இயல்பான உடல்நிலை. கொழுக்க வைக்கும் முயற்சியே மூட்டுகளுக்குக் கேடாகும். மற்றொன்று, பூனையையோ கோழியையோ கண்டால் அழைத்தாலும் திரும்பாமல் ஓடுகிறது என்பது. இதனைக் கீழ்ப்படியாமை என்பது தவறான வாசிப்பு. அசைவைக் கண்டதும் துரத்துவதற்கெனவே பல தலைமுறைகளாகத் தெரிந்தெடுக்கப்பட்ட உயிர் அது. வேலியிட்ட திடலில் நாள்தோறும் ஓடவிடுவதும் சாலையோரத்தில் கயிற்றை விடாதிருப்பதும் அதற்குரிய விடைகள். அடி அதற்கு விடையாகாது.

வெண்மையின் விலை

ராஜபாளையம் நாயின் அடையாளம் தூய வெண்ணிறம், இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண். 2005-இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாயின அஞ்சல்தலைகளுள் இமாலயச் செம்மறிக் காவல் நாய், ராம்பூர், முதோள் ஆகியவற்றுடன் ராஜபாளையமும் இடம்பெற்றது. இவ்வினத்தில் பழுப்பு, கருப்பு, புள்ளி நிறக் குட்டிகளும் பிறந்தன. வெள்ளையையே வாங்குவோர் விரும்பியதால் நிறக்குட்டிகள் பிறந்தவுடன் கழிக்கப்பட்ட வழக்கம் இவ்வினம் பற்றி எழுதியோரால் குறிக்கப்பட்டுள்ளது.

நிறத்திற்கும் செவிக்கும் உள்ள தொடர்பு அவ்வளர்ப்போருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. உட்செவியின் நத்தையெலும்பில் உள்ள குருதிநாளப் படலம் இயங்க நிறமிச் செல்கள் தேவை. மிகை வெண்மையை உண்டாக்கும் மரபுக்கூறு தோலில் மட்டுமன்றிச் செவியிலும் அச்செல்கள் இல்லாமற் செய்யக்கூடும். அந்நிலையில் பிறந்த சில வாரங்களுக்குள் அப்படலம் சிதைந்து, கேட்புணர்வு மீளாதபடி அழிகிறது. அமெரிக்க டால்மேஷன் நாய்களை லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ன் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 30 விழுக்காடு நாய்கள் ஒரு செவியிலோ இரு செவிகளிலோ கேளாமை உடையனவெனக் கண்டார். அவ்விழுக்காட்டை ராஜபாளையத்திற்கு அப்படியே பொருத்த இயலாது. எனினும் இவ்வினத்திலும் செவிட்டுக் குட்டிகள் மிகுதி என்பது நாய் வளர்ப்போரிடையே நெடுங்காலமாக அறியப்பட்டதே. நிறக்குட்டிகளைக் கழித்த ஒவ்வோர் ஈற்றும் நிறமியை இனத்திலிருந்து மேலும் வெளியேற்றியது. அழகின் பெயரால் செய்த தேர்வு செவியையும் தேர்ந்து நீக்கியது.

இங்கு ஒரு கருத்தை முன்வைக்கலாம். ராஜபாளையம் நாய் ஒருவருக்கே அடங்கும், அயலாரைத் தொடவிடாது, காரணமின்றிச் சீறும் என்பன அதன் புகழ்மொழிகள். இவற்றுள் முதலிரண்டும் காவல் இனத்தின் இயல்பாகலாம். மூன்றாவது ஐயத்திற்குரியது. காது கேளாத நாயை உறங்கும்போதோ பின்புறமிருந்தோ திடுமெனத் தொட்டால் அது அதிர்ந்து கடிக்க முனையும். கேட்கும் நாய்க்குக் காலடியோசை முன்னறிவிப்பு. கேளாத நாய்க்குத் தொடுதலே முதற்செய்தி. வீரமெனப் பாராட்டப்பட்ட சீற்றத்தில் ஒரு பகுதி இவ்வதிர்ச்சியாக இருந்திருக்கலாம். இது ஊகமே, ஆயினும் இன்று அவ்வினத்தை வளர்ப்போருக்கு நேரடிப் பயனுடைய ஊகம். தரையைத் தட்டி அதிர்வால் எழுப்புதல், கண்ணுக்குத் தெரியும் பக்கமிருந்து அணுகுதல், கைக்குறிகளால் பழக்குதல், வேலியற்ற இடத்தில் கட்டவிழ்க்காதிருத்தல் ஆகியவை போதும். அத்தகைய நாய் அமைதியாக வாழ முடியும். முரடென முத்திரையிட்டுக் கூண்டிலடைப்பது இருக்கும் அச்சத்தைப் பெருக்கும்.

வெடியும் செவியும்

கேட்கும் நாயின் நிலை வேறு. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையும் நாயின் செவி ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரையும் உணரவல்லவை. 1999-இல் வகுக்கப்பட்ட விதி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபெல் ஏ அல்லது 145 டெசிபெல் சி உச்சத்தைக் கடக்கும் பட்டாசுகளைத் தடை செய்தது. இதில் ‘ஏ’ என்னும் அளவுமுறை மனிதச் செவியின் உணர்திறனுக்கேற்பத் திருத்தப்பட்டதாகும். 2005-இல் உச்சநீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெடிக்கத் தடை விதித்தது. 2018-இல் தீபாவளிக்கு இரண்டு மணி நேரம் மட்டுமே அனுமதித்து, தமிழ்நாடு தனக்குரிய நேரத்தைத் தேர்ந்துகொள்ள இடமளித்தது. காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் என அரசு வகுத்தது. நாயைக் கருதி வகுக்கப்படாவிடினும், நேரம் முன்கூட்டியே தெரிவது நாய் வளர்ப்போருக்கு அரிய வாய்ப்பு. அந்நேரத்திற்கு முன் நடைக்கு அழைத்துச் சென்று உணவளித்து, சன்னலடைத்த உள்ளறையில் பழகிய துணியோடும் மனிதத் துணையோடும் இருத்தலாம்.

நடுக்கம், மூச்சிரைப்பு, எச்சில் வடிதல், ஒளிந்துகொள்ளல், உணவு மறுத்தல், கயிற்றை அறுத்தோடல் ஆகியவை அச்சக்குறிகள். அஞ்சும் நாயைத் தடவிக்கொடுத்தால் அச்சம் வளரும் என்னும் நம்பிக்கை பரவலாக உண்டு. அச்சம் பரிசு கொடுத்து வளர்க்கும் பழக்கமன்று. அருகிருத்தல் அதனைத் தணிக்கவே செய்யும். பறவைகளுக்காகப் பல பத்தாண்டுகளாக வெடி வெடிக்காத வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி போன்ற சிவகங்கை மாவட்டச் சிற்றூர்கள் அண்டையிலேயே உள்ளன. விலங்கின் செவியைப் பொருட்படுத்தும் வழக்கம் இத்தென்பகுதிக்கு அயலானதன்று.

ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் 1965-இல் வெளியிட்ட ஆய்வு, நாய்க்குட்டியின் சமூகப் பழக்கத்திற்கு 3 முதல் 12 வாரங்கள் வரையிலான பருவமே முதன்மையானது என நிறுவியது. அப்பருவத்தில் பல குரல்கள், பல மனிதர், மெல்லத் தொடங்கிப் படிப்படியாக உயரும் ஒலிகள் ஆகியவற்றைக் கண்டும் கேட்டும் வளரும் குட்டி, பின்னாளில் எளிதில் அஞ்சாது. கொல்லைப்புறக் கூண்டில் அப்பருவத்தைக் கழிக்கும் குட்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அரசும் சந்தையும்

சென்னை சைதாப்பேட்டையில் இயங்கிய அரசு நாய் இனப்பெருக்கப் பிரிவு ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி இனங்களைப் பேணுதற்கென உருவாக்கப்பட்டது. அங்கு நாய்கள் வைக்கப்பட்ட நிலை குறித்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2016-இல் அதனை மூட ஆணையிட்டது. அடுத்த ஆண்டே சல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து நாட்டினங்கள் மீதான ஆர்வம் பெருகியது. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையில் இவ்வினங்கள் பெயர் சுட்டப்பட்டன. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவள நிறுவனமும் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் பதிவு செய்தது. பெருமிதம் சந்தையைப் பெருக்கியது. சந்தை இன்றும் வெள்ளையையே கேட்கிறது.

2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் 8 வாரம் நிறையாத குட்டியை விற்பதைத் தடை செய்கின்றன. மூளைத்தண்டின் மின் எதிர்வினையை அளந்து இரு செவிகளையும் தனித்தனியே சோதிக்கும் முறையைக் குட்டியின் 5-ஆம் வாரம் முதலே மேற்கொள்ளலாம். கைதட்டிப் பார்க்கும் வழக்கமான சோதனையில் ஒரு செவி மட்டும் கேளாத குட்டி தப்பிவிடும்; அதுவே வளர்ந்து ஈன்று அக்குறையை அடுத்த தலைமுறைக்குக் கடத்தும். எனவே சோதனைக்கும் விற்பனைக்கும் இடையே 3 வாரங்கள் உள. கேளாத நாயை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கவும், நிறக்குட்டிகளை மீண்டும் இனத்திற்குள் சேர்க்கவும், கேளாத குட்டியை அதன் நிலையறிந்து ஏற்கும் வீட்டிற்கு அனுப்பவும் அந்த 3 வாரங்கள் போதுமானவை.