ஜூஜூவாடிக்கு அப்பால் ஓடிய படங்கள்: திரை விமர்சனமும் நீதியான சாட்சியமும்

ஒசூரிலிருந்து பெங்களூர்ச் சாலையில் ஜூஜூவாடியைக் கடந்தால் அத்திப்பள்ளி. அங்கே தமிழ்நாடு முடிந்து கர்நாடகம் தொடங்கிவிடும். பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. சிப்காட் ஆலைகளுக்கு இப்பக்கம் வருவோரும், பெங்களூர் நிறுவனங்களுக்கு அப்பக்கம் செல்வோரும் நாள்தோறும் கடக்கும் எல்லை இது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே கடைவீதியில் ஒலிக்கும் மண் இது. ஒரு மாநிலத்தில் தடுக்கப்பட்ட திரைப்படம் அடுத்த மாநிலத்தில் ஓடிக்கொண்டிருக்கும் விந்தையை, ஒசூர், கிருஷ்ணகிரி மக்கள் போல் அருகிலிருந்து கண்டவர்கள் குறைவு.

ஒரு படம் வெளியான மறுநாளே நம் குடும்பங்களில் வினாக்கள் எழுகின்றன. பிள்ளைகளோடு பார்க்கத் தக்கதா? ஆபாசம் உண்டா? நம் சமுதாயத்தைத் தவறாகக் காட்டியிருக்கிறார்களா? விடைகள் நட்சத்திரங்களாகவும் மதிப்பெண்களாகவும் குரல் பதிவுகளாகவும் கைப்பேசியில் வந்து குவிகின்றன. திரைப்படம் பார்ப்பது குறித்து மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாடு இக்கட்டுரையின் பொருளன்று. அதை அவர்களிடமே விட்டுவிடுவோம். ஒரு படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லும் முஸ்லிம் அதை எவ்வாறு சொல்ல வேண்டும் என்பதே இங்குள்ள கேள்வி. அதற்கு விடை தேட நம் எல்லைப்புறத்தின் அண்மைக்கால வரலாறு பெரிதும் உதவும்.

மதிப்பெண்ணும் சான்றிதழும்

தமிழில் திரை விமர்சனம் பேசும் படத்தோடு பிறந்த கலை. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931ஆம் ஆண்டில் வெளிவந்தது. அந்தப் பத்தாண்டிலேயே கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி, 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனின் 'ஆடல் பாடல்' பகுதியில் கலைகளைத் தயவு தாட்சண்யமின்றி எடைபோட்டார். பின்னாளில் அதே இதழ் படங்களுக்கு நூற்றுக்கு இவ்வளவு என மதிப்பெண் வழங்கும் வழக்கத்தை ஏற்படுத்தியது. 1977இல் வெளியான '16 வயதினிலே' படத்துக்கு அது வழங்கிய 62.5 மதிப்பெண்ணை இன்றும் பேசுவோர் உண்டு. மிகவும் போற்றப்பட்ட படத்துக்கே அவ்வளவுதான்! இன்று ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் அள்ளி வழங்குவோர் சற்று நின்று நினைக்க வேண்டிய செய்தி இது.

அரசும் தன் பங்குக்கு மதிப்பிட்டது. ஆங்கிலேயர் 1918இல் இயற்றிய சட்டத்தின்கீழ் சென்னை உள்ளிட்ட நகரங்களில் தணிக்கை வாரியங்கள் தோன்றின. விடுதலைக்குப் பின் 1952ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. எல்லோருக்கும் 'யு', வயது வந்தோருக்கு 'ஏ' என்ற இரு பிரிவுகளோடு, பெற்றோர் வழிகாட்டுதலைக் கோரும் 'யுஏ' என்ற பிரிவு 1983இல் சேர்ந்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த 'யுஏ' பிரிவையும் 7, 13, 16 வயது என மூன்றாகப் பகுத்தது. எனினும் அச்சான்றிதழ் வயதை மட்டுமே சொல்லும். படம் உண்மை பேசுகிறதா, ஒரு சமுதாயத்துக்கு நீதி செய்கிறதா என்பதைப் பார்ப்பவர்தாம் சொல்ல வேண்டும்.

விமர்சகராகத் தொடங்கிய ஒருவர்

இந்தியத் தணிக்கை வரலாற்றின் பெரிய வழக்கு ஒன்றில் இரு முஸ்லிம் பெயர்கள் எதிரெதிரே நிற்கின்றன. வழக்குத் தொடுத்தவர் குவாஜா அஹ்மத் அப்பாஸ். பானிப்பட்டில் பிறந்து அலிகரில் பயின்றவர். உருதுக் கவிஞர் ஹாலியின் வழித்தோன்றல். 1930களில் 'பாம்பே கிரானிக்கிள்' நாளேட்டில் திரை விமர்சகராகப் பணியாற்றி, பின்னர் தாமே படம் எடுக்க முனைந்தவர். நான்கு பெருநகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் எதிரெதிரே காட்டிய அவருடைய குறும்படத்துக்குத் தணிக்கையாளர்கள் 'யு' சான்று மறுத்தனர். அவர் உச்ச நீதிமன்றம் சென்றார்.

1970இல் தீர்ப்பெழுதியவர் இந்தியாவின் தலைமை நீதிபதியாகப் பொறுப்பேற்ற முதல் முஸ்லிமான எம். ஹிதாயத்துல்லா. முன்தணிக்கை செல்லும் என்று அவர் தீர்ப்பளித்தார். அதே வேளையில், கலையின் நோக்கத்தையும் சமூகப் பயனையும் கருதாமல் காட்சியை மட்டும் பார்த்துக் கத்தரிப்பது தகாது என்றும் வலியுறுத்தினார். ஒரு காட்சியில் தீமை இருப்பதும், அத்தீமையைப் படம் போற்றுவதும் வெவ்வேறு என்பதே அதன் சாரம். அரை நூற்றாண்டுக்குப் பின்னும் நம் வீட்டுக் கூடங்களில் நடக்கும் விவாதங்களில் இவ்வேறுபாடு பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

அடுத்த தீர்ப்பு ஒரு தமிழ்ப் படத்தைப் பற்றியது. இடஒதுக்கீட்டை விவாதப் பொருளாக்கிய 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989 மார்ச் மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதை மீட்டளித்தது. போராட்டம் நடக்கும், வன்முறை எழும் என்ற அச்சுறுத்தலைக் காட்டிக் கருத்துரிமையை ஒடுக்கலாகாது. ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை. இந்த நெறிக்கு நம் எல்லையில் பின்னர் இரு முறை சோதனை வந்தது.

2013: தடை இப்பக்கம், படம் அப்பக்கம்

2012 தீபாவளிக்கு வந்த 'துப்பாக்கி' முஸ்லிம்களைச் சித்திரித்த விதம் தமிழ்நாட்டில் எதிர்ப்பைக் கிளப்பியது. படக்குழுவினர் வருத்தம் தெரிவித்துச் சில காட்சிகளை நீக்கினர். அந்தக் காயம் ஆறுமுன் கமல்ஹாசனின் 'விஸ்வரூபம்' வந்தது. தணிக்கை வாரியம் அதற்கு 'யுஏ' சான்று வழங்கியிருந்தது. முஸ்லிம் அமைப்புகளின் பிரதிநிதிகளுக்கு அது முன்கூட்டியே திரையிட்டுக் காட்டப்பட்டது. தொழுகையும் குர்ஆன் ஓதலும் கொலைக் காட்சிகளோடு பிணைக்கப்பட்டிருப்பதையும், பயங்கரவாதி ஒருவன் கோவையிலும் மதுரையிலும் தங்கியிருந்ததாக வரும் வசனத்தையும் அவர்கள் சுட்டிக்காட்டினர். அவ்வசனம் அந்நகரங்களில் வாழும் அப்பாவிக் குடும்பங்கள்மீது ஐயத்தைத் தூவிவிடும் என்பது பொருளற்ற கவலை அன்று.

2013 ஜனவரி 23 அன்று தமிழ்நாடு அரசு இரு வாரத் தடையை அறிவித்தது. மாவட்ட ஆட்சியர்கள் 144ஆவது பிரிவின்கீழ் ஆணையிட்டனர். ஜனவரி 29 அன்று உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தடையை நீக்கினார். மறுநாளே இரு நீதிபதிகள் அமர்வு அவ்வாணையை நிறுத்தி வைத்தது. படம் வெளியாகவிருந்த 524 திரையரங்குகளுக்கும் காவல் அளிக்க இயலாது என்பதே முதலமைச்சர் ஜெயலலிதா அளித்த விளக்கம்.

அந்நாட்களில் அண்டை மாநிலங்களில் படம் திரையிடப்பட்டது. தமிழகத்தின் எல்லை மாவட்டங்களிலிருந்து ரசிகர்கள் அங்கே பயணம் செய்து பார்த்தனர். ஒரு மாநிலத்தின் ஆணை சோதனைச் சாவடியோடு நின்றுவிட்டது, படம் நிற்கவில்லை. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அந்த வசனம் சரியா, அந்தக் காட்சி நீதியா என்று தொடங்கிய விவாதம், தடை செய்தது சரியா என்ற விவாதமாகத் திரிந்துபோயிற்று. நாட்டைவிட்டே வெளியேற நேரலாம் என்று கமல்ஹாசன் மனம் நொந்து பேசியபின், காயமுற்றவர் யார் என்ற கேள்வியே இடம் மாறியது.

முடிவைத் தந்தது தடையன்று, பேச்சுவார்த்தை. பிப்ரவரி 2 அன்று இரு தரப்பினரும் அமர்ந்து பேசினர். குறிப்பிட்ட சில இடங்களில் ஒலியை நீக்க இயக்குநர் இசைந்தார். பிப்ரவரி 7 அன்று படம் தமிழ்நாட்டில் வெளியானது. படத்தைப் பார்த்து, இந்த இடத்தில் இந்தச் சொல் என்று விரல் வைத்துக் காட்டியதால் கிடைத்த பயன் அது.

2025: எல்லை திசை மாறியது

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதே நடிகர், அதே எல்லை. பயணம் மட்டும் எதிர்த்திசையில். கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்று கமல்ஹாசன் மேடையில் சொன்னது கர்நாடகத்தில் கொதிப்பை உண்டாக்கியது. அவர் மன்னிப்புக் கேட்கும்வரை மணிரத்னத்தின் 'தக் லைஃப்' படத்தைத் திரையிட முடியாது என்று அம்மாநிலத் திரைப்பட வர்த்தக சபை அறிவித்தது. 2025 ஜூன் 5 அன்று படம் கர்நாடகத்தில் மட்டும் வெளியாகவில்லை. அன்று பெங்களூர் ரசிகர்கள் ஒசூர்த் திரையரங்குகளுக்கு வந்து பார்த்தனர். ஜூன் 17 அன்று உச்ச நீதிமன்றம், சான்று பெற்ற படம் வெளியாவதைக் கூட்டத்தின் மிரட்டல் தடுக்கக் கூடாது என்று கண்டித்தது.

இதற்கிடையே ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. படம் தடையின்றி ஓடிய தமிழ்நாட்டிலேயே பார்த்தவர்கள் ஏமாற்றத்தை வெளிப்படையாகச் சொன்னார்கள். விமர்சனங்களும் பெரும்பாலும் பாதகமாகவே அமைந்தன. பார்த்தவர்களின் சொல்லே அப்படத்தின் ஓட்டத்தைத் தளர்த்திவிட்டது. இரு முறையும் தடை செய்ய முயன்றவர்கள் வேறு, காரணங்கள் வேறு. கிடைத்த பாடம் ஒன்றுதான்.

எண்ணை வென்ற வினா

விமர்சனம் எவ்வளவு வலியது என்பதற்கு 2023 சான்று தருகிறது. 'தி கேரளா ஸ்டோரி' படத்தின் முன்னோட்டம், கேரளத்தில் 32,000 பெண்கள் மதம் மாற்றப்பட்டுப் பயங்கரவாதத்துக்கு அனுப்பப்பட்டதாகக் கூறியது. அவ்வெண்ணுக்கு ஆதாரம் எங்கே என்று ஊடகத்தினரும் சமூக அமைப்புகளும் திரும்பத் திரும்பக் கேட்டனர். தயாரிப்பாளர்கள் விளம்பரத்தில் 32,000 என்பதை மூன்று என்று மாற்ற நேர்ந்தது. மேற்கு வங்க அரசு விதித்த தடையை மே 18 அன்று உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அதே வேளையில், 32,000 என்ற எண்ணுக்கு நம்பத்தக்க சான்று இல்லை என்னும் அறிவிப்பைப் படத்தில் சேர்க்கவும் வழி செய்தது. தடை வீழ்ந்தது, ஆதாரம் கேட்ட வினா படத்தின் உள்ளேயே இடம்பெற்றது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உலக வரலாற்றில் உண்டு. நபி (ஸல்) அவர்களின் வரலாற்றைக் கூறும் 'தி மெசேஜ்' படத்தை முஸ்தஃபா அக்காத் இயக்கினார். நபியவர்களின் உருவமோ குரலோ இடம்பெறாமல் எடுக்கப்பட்ட படம் அது. ஆயினும் 1977 மார்ச்சில் அது அமெரிக்காவில் வெளியானபோது, வாஷிங்டன் நகரில் ஆயுதக் குழு ஒன்று நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பிணையாகப் பிடித்தது. அதன் கோரிக்கைகளுள் ஒன்று, இப்படத்தை நிறுத்த வேண்டும் என்பது. ஓர் இளம் வானொலிச் செய்தியாளர் உயிரிழந்தார். பார்க்காமலே கொண்ட சினம் அநியாயமாக ஓர் உயிரைப் பறிப்பதில் போய் முடிந்தது.

கருத்து ஒரு சாட்சியம்

செய்தி கொண்டுவரப்பட்டால் விசாரித்துத் தெளிய வேண்டும் என்பது ஸூரா அல்ஹுஜுராத் நமக்குக் கற்பிக்கும் ஒழுக்கம். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடலாகாது என்பது ஸூரா அல்மாயிதா தரும் எச்சரிக்கை. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால், திரைப்படத்தைப் பற்றி நாம் சொல்லும் கருத்தும் ஒருவகைச் சாட்சியமே என்பது விளங்கும். சாட்சி சொல்பவர் கண்டதைச் சொல்வார். காணாததைக் கண்டதாகச் சொல்லமாட்டார்.

ஆகவே பார்க்காத படத்துக்கு மதிப்பெண் இடாதிருப்போம். பிறர் அனுப்பிய துண்டுக் காட்சியைக் கொண்டு முழுப் படத்துக்கும் தீர்ப்பு எழுதாதிருப்போம். படம் நம்மைத் தாக்குகிறது என்றால் எந்தக் காட்சி, எந்தச் சொல், எந்த உண்மைக்கு மாறானது என்று பெயர் சுட்டிச் சொல்வோம். நம்மவர் எடுத்த படமாயினும் குறையைக் குறையென்போம்; நம்மைப் புண்படுத்தியவர் எடுத்த படமாயினும் அதிலுள்ள நன்மையை மறைக்காதிருப்போம். பிள்ளைகள் ஒரு படத்தைப் பற்றிப் பேச வரும்போது வாயடைக்காமல், "நீ பார்த்ததில் எது உண்மை, எது கற்பனை?" என்று கேட்போம். கேள்வி கேட்கப் பழகிய பிள்ளையை எந்தத் திரையும் எளிதில் ஏமாற்றிவிட முடியாது.

ஒசூர் எல்லையில் இரு முறை கண்டதுபோல், ஓர் ஆணையின் ஆற்றல் ஜூஜூவாடிச் சாவடியோடு முடிந்துவிடும். ஆதாரத்தோடும் நிதானத்தோடும் சொல்லப்பட்ட சொல்லுக்கு அத்தகைய சாவடி இல்லை. அது அத்திப்பள்ளிக்கும் போகும், நீதிமன்றத்துக்கும் போகும், அடுத்த தலைமுறைக்கும் போகும். நீதியோடு சாட்சி சொல்லும் நாவை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் வழங்கியருள்வானாக.