மாலத்தீவில் முக்குளிப்போர் தங்கிய இடங்கள்

1957-58இல் ஆஸ்திரிய ஆய்வாளர் ஹான்ஸ் ஹாஸ் தம் 'சாரிஃபா' கப்பலிலேயே தங்கி மாலத்தீவின் பவளப்பாறைகளை ஆராய்ந்தபோது, அயலார் தங்குவதற்கென அங்கு விடுதிகள் எவையும் எழுந்திருக்கவில்லை. 1972இல் விஹாமனாஃபுஷி தீவில் குரும்பா விடுதி திறக்கப்பட்டதோடு அந்நிலை மாறி, மக்கள் குடியிராத தீவொன்றை ஒரே விடுதிக்கு ஒதுக்கும் முறை வேரூன்றியது. காற்று உருளையைச் சுமந்து நீருக்கடியில் சுவாசிக்கும் ஸ்கூபா முக்குளிப்போர், கரையிலிருந்தே நீந்திச் சென்றடையக்கூடிய 'ஹவுஸ் ரீஃப்' எனப்படும் விடுதியோரப் பவளத்திட்டு எவ்வாறுள்ளது என்பதைப் பார்த்தே தீவைத் தேர்ந்தனர். தொலைவிலுள்ள பவளத்தீவு வளையங்களை நாடியோர், உணவும் உறக்கமும் படகிலேயே அமையும் 'சஃபாரி' படகுகளை விரும்பினர்.

2009ஐ ஒட்டிய கொள்கை மாற்றத்துக்குப் பின், மக்கள் வாழும் மாஃபுஷி போன்ற தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் பெருகி, குறைந்த செலவில் முக்குளிக்க வழி பிறந்தது. சுற்றுலா வருவாயில் ஒரு பங்கு தீவுக் குடும்பங்களையும் நேரடியாகச் சென்றடைந்தது. 1998, 2016 ஆண்டுகளின் கடல் வெப்பம் பவளங்களை வெளிறச் செய்துவிட்ட நிலையில், பவளத்திட்டைப் பேணும் இடத்தில் தங்குவதே இன்று பொறுப்பான தேர்வாகும்.