தூற்றுவது எதை?

காரமடைக் களத்து மேட்டில் உழவர் தூற்றுவது பதரைப் போக்க. ஊர்த் திண்ணையில் சிலர் தூற்றுவது பிறர் பெயரைப் போக்க. சொல் ஒன்று, செயல் இரண்டு! புறங்கூறாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். ஆங்கில ஆட்சியோ 1860-இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவால் அவதூறைக் குற்றமாக்கிற்று. உண்மையைச் சொன்னேன் என்பது மட்டும் போதாது. பொதுநன்மைக்காகச் சொன்னேன் என்றும் காட்டவேண்டும் என்றது. 2024 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவும் அதையே கூறுகிறது. ஈராண்டு வரை சிறையும் உண்டு.

தனிமனிதர் மானம் காக்கப்பட வேண்டியதே, மறுக்கவில்லை நாம். ஆனால், அரசுக்கு ஏது மானநட்டம்? 1994-இல் நக்கீரன் ஏட்டின் வழக்கில் உச்சநீதிமன்றம் விடை பகர்ந்தது: அரசும் உள்ளாட்சி மன்றமும் மானநட்ட ஈடு கேட்டு வழக்காட இயலாது, வெளியீட்டை முன்கூட்டித் தடுக்கவும் அதிகாரமில்லை. எனினும், 2016-இல் அதே மன்றம் அவதூறு குற்றமே என்ற பிரிவு செல்லுமென்றது. நமக்குச் சட்டம் தந்த இங்கிலாந்தோ, 2009-இல் அக்குற்றத்தையே ஒழிக்கச் சட்டம் இயற்றிவிட்டது!

களத்துப் பதரைத் தூற்றக் காற்று வேண்டும். ஆட்சியின் பதரைத் தூற்றக் கருத்துரிமை வேண்டும். காற்றை அடைத்துவிட்டு, மணியை எங்கே தேடுவோம் நாம்?