ஒரே எபிசோடு, இரண்டு முறை!

டாலஸ் நகரில் கென்னடி சுடப்பட்டபோது லண்டனில் மாலை ஆறரை மணி. 1963 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை. மறுநாள் மாலை 5.15-க்கு பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒரு புதுத் தொடர் தொடங்க வேண்டும். ஊரே வேறு எதையும் பேசாத அந்தச் சனிக்கிழமையில்தான் 'டாக்டர் ஹூ' பிறந்தது.

கென்னடி செய்தியால் அதன் முதல் எபிசோடு பத்து நிமிடம் தள்ளிப்போனது என்று பல காலம் எழுதிவந்தார்கள். ஒளிபரப்புப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தவர்கள் சொல்வது வேறு. தாமதம் வெறும் 80 விநாடி. பத்து நிமிடம் என்றால்தான் கதை எடுப்பாக இருக்கிறது, என்ன செய்ய!

அன்று பிரிட்டன் பார்த்தது அந்த எபிசோடின் இரண்டாவது வடிவம். அதே கதையை, அதே நடிகர்களோடு, அதே ஸ்டுடியோவில், இந்த வடிவத்தை எடுப்பதற்கு மூன்று வாரம் முன்னால் ஒருமுறை எடுத்துப் பார்த்து, சரியில்லை என்று ஒதுக்கியிருந்தார்கள். ஒதுக்கியது அழியவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதி தொலைக்காட்சி வரலாற்றில் அபூர்வம் என்பதால், இந்த வாரம் முழுக்க இந்த ஒரே எபிசோடுதான்.

சிட்னி நியூமேன் என்ற கனடாக்காரர் 1962 கடைசியில் பி.பி.சி.யின் நாடகப் பிரிவுத் தலைவராக வந்து சேர்ந்தார். அவருக்கு முன்னால் ஒரு சில்லறைப் பிரச்சினை இருந்தது. சனிக்கிழமை மாலை விளையாட்டு நிகழ்ச்சி முடியும். அடுத்து இளசுகளுக்கான பாட்டு நிகழ்ச்சி வரும். இடையில் இருக்கும் நேரத்தில் ஜனங்கள் போட்டி சேனலுக்குத் தாவிவிடுகிறார்கள். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து உட்காரும்படி ஏதாவது வேண்டும். காலத்தில் முன்னும் பின்னும் போய்வரும் ஒரு கிழவர், கூட ஒரு பள்ளி மாணவி, இரண்டு ஆசிரியர்கள். கடந்த காலத்துக்குப் போனால் வரலாறு, எதிர்காலத்துக்குப் போனால் விஞ்ஞானம். கோரமான விண்வெளிப் பூதங்கள் மட்டும் கூடவே கூடாது என்றார் நியூமேன். அந்தக் கட்டளை எத்தனை நாள் தாங்கியது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

தயாரிப்பாளர் வேலைக்கு அவர் கேட்ட ஆட்கள் மறுத்துவிட்டார்கள். குழந்தைகள் தொடரில் போய் யார் தலையைக் கொடுப்பது? கடைசியில், தன் பழைய கம்பெனியில் உதவியாளராக இருந்த வெரிட்டி லாம்பெர்ட்டை அழைத்துவந்தார். வயது 27. பி.பி.சி. நாடகப் பிரிவில் அன்று தயாரிப்பாளர் நாற்காலியில் வேறு பெண் கிடையாது. சிபாரிசில் வந்த சின்னப்பெண் என்று முணுமுணுத்தவர்களுக்கு ஒரு பழைய சம்பவம் தெரிந்திருக்காது. 1958-ல் ஒரு நாடகம் நேரடியாக ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தபோது, அதில் நடித்த கேரத் ஜோன்ஸ் என்ற நடிகர் காட்சிகளுக்கு இடையில் சுருண்டு விழுந்து இறந்துபோனார். மீதிக் கதையை அவர் இல்லாமல் எப்படிக் கொண்டுபோவது என்று பார்க்க இயக்குநர் தளத்துக்கு ஓட, மேலே கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து எந்தக் கேமரா எப்போது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் வெரிட்டி. ஒளிபரப்பு நிற்கவில்லை.

இயக்குநராக வந்தவர் வாரிஸ் ஹுசைன். லக்னோவில் பிறந்தவர். சிறுவனாக இங்கிலாந்து போய், கேம்பிரிட்ஜில் படித்து, பி.பி.சி.யில் நுழைந்தவர். இவருடைய அம்மா அத்தியா ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய நாவலாசிரியர். வாரிஸுக்கு அப்போது 24 வயது. குகை மனிதர்கள் மாட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு நெருப்புக்குச் சண்டை போடும் கதையைக் கையில் கொடுத்தபோது, இதற்கா கேம்பிரிட்ஜ் போனோம் என்றுதான் அவருக்குத் தோன்றியதாம்.

அவர்களுக்கு ஒதுக்கிய இடம் மேற்கு லண்டன் லைம் குரோவ், ஸ்டுடியோ 'டி'. ஒரு காலத்தில் ஹிட்ச்காக் படம் எடுத்த வளாகம். 1949-ல் பி.பி.சி. வாங்கியது. 1963-ல் அது யாரும் விரும்பிப் போகாத இடம். ஸ்டுடியோ சிறியது. விளக்குச் சூடு ஏறினால் கூரையில் இருக்கும் தீயணைப்புக் குழாய்கள் தாமாகத் திறந்து தண்ணீர் கொட்டும். கேமராக்கள் பழசு, கனம். முதலில் எழுதிய கதையில் நாயகர்கள் எறும்பளவுக்குச் சுருங்கிப்போவதாக இருந்தது. இந்த ஸ்டுடியோவில் அந்தத் தந்திரக் காட்சிகளுக்கு வழியே இல்லை என்று அதைத் தள்ளிவைத்து, ஆந்தனி கோபர்ன் எழுதிய குகை மனிதர் கதையை முன்னால் கொண்டுவந்தார்கள். கோபர்னின் பெயரை நினைவில் வைத்திருங்கள், கட்டுரை முடிவதற்குள் திரும்ப வருவார்.

காலயந்திரம் எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் இழுபறி. கண்ணுக்கே தெரியாத ஒன்றாக வைக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. பார்க்க ஒன்றுமே இல்லாவிட்டால் தொலைக்காட்சி எதற்கு என்று நியூமேன் அதை ஒதுக்கினார். தெருமுனைகளில் நின்ற நீலநிறப் போலீஸ் பெட்டியைச் சொன்னவர் கோபர்ன். ரோந்து போகிற கான்ஸ்டபிள் ஸ்டேஷனோடு பேச அதில் தொலைபேசி இருக்கும். வெளியே ஆள் நிற்கும் அளவு பெட்டி, உள்ளே போனால் பெரிய மண்டபம். உள்ளே இருக்கும் அறுகோண மேஜையையும், நடுவில் ஏறி இறங்கும் கண்ணாடித் தூணையும் வடிவமைத்தவர் பீட்டர் பிரகாக்கி. அவர் வேலை செய்தது இந்த முதல் எபிசோடுக்கு மட்டும்தான். மேஜை மட்டும் அறுபது வருடமாகச் சட்டை மாற்றிக்கொண்டு நிற்கிறது.

செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை. முதல் ஷூட்டிங். அந்தக் காலத்தில் வீடியோ டேப்பை வெட்டி ஒட்டுவது செலவு பிடித்த காரியம். அதனால் 25 நிமிடக் கதையை ஏறக்குறைய மேடை நாடகம் மாதிரியே மூச்சுவிடாமல் நடித்துத் தள்ள வேண்டும். அன்று காலயந்திரத்தின் கதவுகள் மூட மறுத்தன. டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் முக்கியமான வசனத்தைப் பேசிக்கொண்டிருக்கும்போது, பின்னால் கதவுகள் திறப்பதும் படாரென்று அடிப்பதுமாக இருக்கின்றன. மறைந்து நின்ற ஊழியர்கள் தள்ளிப் பார்க்கிறார்கள், அது கேட்பதாக இல்லை. விண்வெளியையே கடக்கப்போகும் வண்டி! இதெல்லாம் இன்றும் அந்தப் பதிவில் பார்க்கலாம்.

பதிவைப் போட்டுப் பார்த்த நியூமேன், வெரிட்டியையும் வாரிஸையும் ஒரு சீன உணவகத்துக்குக் கூட்டிப்போனார். நியாயப்படி உங்கள் இருவரையும் வேலையை விட்டு அனுப்ப வேண்டும், ஆனால் அனுப்பவில்லை, போய் மறுபடி எடுங்கள் என்றாராம். வாரிஸ் ஹுசைன் பிற்காலப் பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார். என்னைக் கேட்டால் இந்தத் தொடரின் வரலாற்றில் இதைவிடப் பெரிய முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை. பாக்கெட்டில் பணம் இல்லாத ஒரு தொடருக்கு, ஒரு முழு எபிசோடின் செலவை எழுதித் தள்ளிவிட்டு மறுவாய்ப்புக் கொடுப்பது எந்த நிர்வாகத்திலும் லேசில் நடப்பதல்ல.

அக்டோபர் 18-ல் மறுபடி எடுத்தார்கள். என்ன மாறியது என்று பார்த்தால்தான் நியூமேனின் கூர்மை தெரியும்.

முதல் பதிவில் டாக்டர் முகம் கொடுத்துப் பேசாத, வன்மம் பிடித்த கிழவர். குழந்தைகள் பயந்துவிடுவார்கள். இரண்டாவதில் அதே கிழவரிடம் ஒரு குறும்பு எட்டிப்பார்க்கிறது. கோபம் இருக்கிறது, ஆனால் அடுத்தவாரமும் இவரைப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. முதலில் சாதாரண கோட்டும் டையும் போட்டிருந்தவர், இரண்டாவதில் முந்தின தலைமுறைப் பெரிய மனிதர்போல் உடுத்திக்கொண்டார். அவருடைய பேத்தியாக வரும் அந்தப் பள்ளி மாணவி சூசன் எந்த நூற்றாண்டில் பிறந்தவள் என்று முதல் பதிவில் பளிச்சென்று சொல்லிவிடுகிறார்கள்: 49-ஆம் நூற்றாண்டு. இரண்டாவதில் அந்த எண்ணைத் தூக்கிவிட்டு, வேறு காலம், வேறு உலகம் என்று பூடகமாக விட்டுவிட்டார்கள். அந்த ஒரு வெட்டுதான் பின்னால் வந்த கதாசிரியர்கள் அத்தனை பேருக்கும் கதவைத் திறந்து வைத்தது.

எனக்குப் பிடித்த மாற்றம் வேறு. சூசன் வகுப்பறையில் தனியாக இருக்கும் காட்சி. முதல் பதிவில் காகிதத்தில் மையைக் கொட்டி மடித்து ஏதோ உருவம் செய்து மிரளுகிறாள். விசித்திரமான பெண் என்பது புரிகிறது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. இரண்டாவது பதிவில் ஆசிரியை கொடுத்த பிரெஞ்சுப் புரட்சி பற்றிய புத்தகத்தைப் புரட்டுகிறாள். ஒரு பக்கத்தில் நின்று, இது தப்பாயிற்றே என்கிறாள். அவ்வளவுதான். நேரில் பார்த்தவள் என்று யாரும் விளக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கும் முதுகு நிமிரும். தொடரின் முதல் சீசனில் கடைசிக் கதை, 1964-ல், பிரெஞ்சுப் புரட்சிக்கு நடுவிலேயே நடந்தது.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தலைப்பு இசையை எழுதியவர் ரான் கிரைனர். அந்த ஸ்வரங்களை ஒலியாக்கியவர், பி.பி.சி.யின் ஒலிக்கூடத்தில் வேலைபார்த்த டீலியா டெர்பிஷைர். சிந்தசைசர் கைக்கு வராத காலம். மீட்டிய ஒற்றைக் கம்பியின் ஒலி, சோதனைக் கருவிகளின் ஊளை, இரைச்சல், இவற்றை டேப்பில் பதிந்து, வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஸ்வரமாக்கி, ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனி டேப் துண்டாக நறுக்கி ஒட்டினார். கேட்ட கிரைனர், இதை எழுதியது நான்தானா என்று அசந்துபோய், ராயல்டியில் பாதியை அவருக்குத் தர முன்வந்தார். ஊழியர்களுக்கு அப்படிக் கொடுக்க விதி இடம் தரவில்லை. திரையிலும் ஒலிக்கூடத்தின் பெயர்தான் வந்தது. டீலியா 2001-ல் இறந்தார். அவர் பெயர் அந்தத் தொடரின் திரையில் முதன்முதலாக வந்தது 2013-ல்.

காலயந்திரம் கிளம்பும்போது வரும் அந்த முனகல் சத்தம் பிரையன் ஹாட்ஜ்சன் செய்தது. உடைந்த பியானோவின் தடித்த கம்பிமேல் தன் அம்மாவின் வீட்டுச் சாவியை வைத்துத் தேய்த்திருக்கிறார். அதைப் பதிந்து, எதிரொலி சேர்த்து, திருப்பிப் போட்டு வந்ததுதான் இன்றுவரை ஓடுகிறது.

எல்லாம் கூடிவந்த அந்த அக்டோபரிலேயே, செலவு கட்டுப்படியாகாது, நான்கு எபிசோடோடு நிறுத்துங்கள் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. வாதாடி அதைப் பதின்மூன்றாக்கினார்கள். முதல் எபிசோடை 44 லட்சம் பேர் பார்த்தார்கள். கென்னடி துக்கத்தில் பலர் தவறவிட்டிருப்பார்கள் என்று அடுத்த சனிக்கிழமை, இரண்டாவது எபிசோடுக்கு முன்பாக முதலாவதை மறுபடியும் போட்டார்கள். அப்போது ஏறக்குறைய 60 லட்சம். டிசம்பர் 21-ல் தொடங்கிய அடுத்த கதையில் 'டாலெக்' என்ற உலோகப் பூதங்கள் வந்தன. நியூமேன் எது கூடாது என்றாரோ அதுவே! அவர் வெரிட்டிமேல் பாய்ந்தார். அந்தக் கதை முடிவதற்குள் பார்வையாளர்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

டேப் விலை அதிகம் என்பதால் பி.பி.சி. பழைய பதிவுகளை அழித்து அதன்மேலேயே புதியதைப் பதிந்துகொண்டிருந்தது. 1960-களின் 'டாக்டர் ஹூ' எபிசோடுகளில் 90-க்கு மேல் இப்படித் தொலைந்தன. வாரிஸ் ஹுசைன் இயக்கிய 'மார்கோ போலோ' கதையில் ஒரு எபிசோடுகூட மிச்சமில்லை. முதல் கதை தப்பியது, வெளிநாட்டு விற்பனைக்காக ஃபிலிமில் எடுத்து வைத்த பிரதியால். ஒதுக்கப்பட்ட முதல் பதிவும் தப்பி, 1991-ல்தான் பி.பி.சி.யில் ஒளிபரப்பானது.

இப்போது கோபர்ன். பி.பி.சி. ஊழியராக இருந்த அவர், அவருடைய பிரிவு 1963 நடுவில் கலைக்கப்பட்டதால், வெளி எழுத்தாளராக அந்தக் கதையை எழுதிக்கொடுத்தார். 1977-ல் இறந்தார். கதையின் உரிமை வாரிசிடம் போனது. 2023 நவம்பரில் அறுபதாம் ஆண்டு விழாவுக்காக, 800-க்கும் மேற்பட்ட பழைய எபிசோடுகளை பி.பி.சி. தன் இணையச் சேவையில் ஒன்றாக ஏற்றியது. உரிமைப் பேச்சு முடிவுக்கு வராததால், இரண்டு முறை எடுத்த அந்த முதல் எபிசோடு மட்டுமல்ல, அது இருந்த கதையின் நான்கு எபிசோடுகளுமே அந்தத் தொகுப்பில் இடம்பெறவில்லை.

(தொடரும்)