நாலு மீட்டர் காரும் ஐந்தடி டிரைவரும்

வண்டலூரில் தொடங்கி, படப்பை, ஒரகடம் வழியாக வாலாஜாபாத் வந்து சேரும் சாலையில் போனால் தமிழ்நாட்டுக் கார் வரலாற்றின் பாதியைப் பார்த்துவிடலாம். வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1980-களின் இறுதி வரை கார் செய்தது. நடுவில், ஒரகடத்தில், 2010 மார்ச்சில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறந்தது. வடக்கே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். சற்றுத் தள்ளி மறைமலை நகரில் 2022 வரை ஃபோர்டு. சாலை முடியும் வாலாஜாபாத்திலோ, புதுக் கார்கள் சரக்கு ரயிலில் ஏறி வடக்கே போகின்றன.

அந்த ரயிலில் ஏறும் வண்டிகளில் இப்போது நிறைய காம்பாக்ட் எஸ்.யு.வி.கள்தான். "உயரமா உட்கார்ந்து ஓட்டலாம், ரோடு நல்லா தெரியும்" என்று குள்ளமானவர்களுக்கு எல்லோரும் சிபாரிசு செய்வதும் இதையே. அது எவ்வளவு தூரம் உண்மை? இந்த வண்டிகள் யாருடைய அளவுக்குத் தைக்கப்பட்டவை? இதற்குப் பதில் தேடினால் கதை கார் டிசைனரிடம் போகாமல் பட்ஜெட் உரையில் போய் நிற்கிறது!

முதலில் வந்தது உயரம்

1983-ல் வந்த மாருதி 800-ன் மொத்த உயரம் சுமார் 1.4 மீட்டர். குனிந்து உள்ளே நுழைந்து, காலை நீட்டித் தாழ உட்கார வேண்டும். ஹூண்டாய் இந்தியா கம்பெனி 1996-ல் தொடங்கப்பட்டு, 1998-ல் சான்ட்ரோவைக் கொண்டுவந்தபோது அதன் உயரம் சுமார் 1.6 மீட்டர். 'டால் பாய்' என்று பெயர் வாங்கிய வண்டி அது. பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது என்று ஆரம்பத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் உட்கார்ந்து பார்த்தவர்கள் வாங்கினார்கள். காரணம் எளிது. நாற்காலியில் உட்காருவது போல நிமிர்ந்து உட்கார்ந்தால் கால் கீழ்நோக்கி மடியும், வண்டியின் நீளம் அதிகம் தேவைப்படாது, கண் மட்டமும் உயரும். சின்ன வண்டிக்குள் இடம் கண்டுபிடிக்க ஜப்பானியர்கள் கையாண்ட வழி இது. 1993-ல் அங்கே வந்த சுசுகி வேகன் ஆர் இதற்கு நல்ல உதாரணம்.

அளவு நாடா எடுத்த நிதியமைச்சர்

2006 பிப்ரவரி பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் சின்னக் கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சின்னக் கார் என்றால் என்ன? நீளம் 4 மீட்டருக்கு மிகக்கூடாது. பெட்ரோல் எஞ்சின் 1200 சி.சி.க்குள்ளும், டீசல் 1500 சி.சி.க்குள்ளும் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இந்த மூன்று எண்களும் இந்தியக் கார் உலகத்தையே மாற்றிவிட்டன. 2013-ல் மறைமலை நகரிலிருந்து வந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் நீளம் 3999 மில்லிமீட்டர்! ஒரு மில்லிமீட்டர் மிச்சம். 2019-ல் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்த ஹூண்டாய் வென்யூ 3995. 2020 டிசம்பரில் ஒரகடத்திலிருந்து வந்த நிசான் மேக்னைட் 3994. இது தற்செயலாக அமைந்த அளவா என்ன?

2013 பட்ஜெட்டில் எஸ்.யு.வி.களுக்கு வரி 27-லிருந்து 30 சதவீதமானது. அங்கேயும் ஒரு இலக்கணம்: நீளம் 4 மீட்டருக்கு மேல், எஞ்சின் 1500 சி.சி.க்கு மேல், கிரவுண்ட் கிளியரன்ஸ் 170 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ. மூன்றும் சேர்ந்தால்தான் எஸ்.யு.வி. ஒரகடத்தில் 2012-லிருந்து தயாரான ரெனோ டஸ்டர் 4.3 மீட்டர் நீளம், தரையிலிருந்து 205 மில்லிமீட்டர் உயரம். ஆனால் அதன் டீசல் எஞ்சின் 1461 சி.சி.! ஊரெல்லாம் அதை எஸ்.யு.வி. என்றது, வரிச் சட்டம் மட்டும் இல்லை என்றது.

ஜி.எஸ்.டி. வந்த பிறகும் அந்த 4 மீட்டர் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு 18 சதவீதம், பெரியவற்றுக்கு 40 சதவீதம் என்று இடைவெளி இன்னும் தெளிவாகிவிட்டது.

ஆக, வண்டியின் நீளத்தை அளந்தாயிற்று. எஞ்சினை அளந்தாயிற்று. தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளியைக்கூட அளந்தாயிற்று. டிரைவரின் நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் உள்ள இடைவெளியை இந்த வரி விதிகள் எதுவும் கேட்கவில்லை.

கேட்காததன் விலை

அந்தக் கேள்வியை அமெரிக்கா உயிர்களை இழந்த பிறகுதான் கேட்டது. அங்கே 1990-களில் ஏர்பேக் கட்டாயமானபோது, சீட் பெல்ட் போடாத சராசரி ஆணைக் காப்பாற்றும் வேகத்தில் அது விரிந்தது. சோதனையில் வைத்த பொம்மையும் நடுத்தர உயர ஆண்தான், சுமார் 175 செ.மீ. குட்டையான பெண்கள் கால் எட்டுவதற்காக சீட்டை முன்னே இழுத்து, ஸ்டீயரிங்கை ஒட்டி உட்கார்ந்தார்கள். சின்ன மோதலிலேயே ஏர்பேக் அவர்கள் நெஞ்சிலும் முகத்திலும் அறைந்தது. 1990 முதல் 2008 வரை, மெதுவான வேகத்து விபத்துகளில் ஏர்பேக் விரிந்ததாலேயே இறந்தவர்கள் 290-க்கும் மேல். அதில் குழந்தைகள் அதிகம், குட்டையான பெரியவர்களும் உண்டு. பெரும்பாலானோர் பெல்ட்டைச் சரியாகப் போட்டிருக்கவில்லை என்பதும் உண்மை.

அதன் பிறகுதான் ஏர்பேக்கின் வேகம் குறைக்கப்பட்டது. நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங் நடுப்பகுதிக்கும் இடையே 25 செ.மீ. இருக்கட்டும் என்று அறிவுரை வந்தது. 2000-ல் வந்த புது விதி, குட்டைப் பெண் பொம்மையையும் வைத்துச் சோதிக்கச் சொன்னது. அந்தப் பொம்மையின் உயரம் சுமார் 150 செ.மீ. நூறு அமெரிக்கப் பெண்களில் 95 பேர் அதைவிட உயரம் என்ற கணக்கில் செய்தது.

இங்கேதான் நம் ஊர் விஷயம் இடிக்கிறது. இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ., அதாவது ஐந்தடி. அமெரிக்காவில் ஓரத்து அளவு, இங்கே நடு அளவு! 'குள்ளமான டிரைவர்' என்று நாம் சொல்வது விதிவிலக்கை அல்ல, பாதி நாட்டுப் பெண்களை. இந்தியாவில் டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையில் கட்டாயமானது. 2023-ல் பாரத் என்.சி.ஏ.பி. நட்சத்திர மதிப்பீடு தொடங்கியது. அதன் முன்பக்க மோதல் சோதனையிலும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தது அதே நடுத்தர உயர ஆண் பொம்மைதான்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது?

உயரமான வண்டி பார்வைக்கு உதவும் என்பது சரி. ஆனால் உயரம் மட்டும் போதாது. சீட்டை ஏற்றினால் கண் மட்டம் உயரும், கூடவே குதிகால் தரையிலிருந்து விலகும். சீட் மெத்தை நீளமாக இருந்தால் முழங்காலுக்குப் பின்னால் அழுத்தும். அதனால் முதுகை சாய்மானத்தில் வைக்க முடியாமல் முன்னே நகர்வார்கள். முதுகுக்குத் தலையணை வைப்பது வலியைக் குறைக்கலாம், ஸ்டீயரிங்குக்கு இன்னும் நெருக்கமாகத் தள்ளிவிடும்.

டெஸ்ட் டிரைவுக்கு ஒரு ஸ்கேலை எடுத்துப் போவது நல்லது. வழக்கமாகப் போடும் செருப்போடு உட்கார்ந்து, க்ளட்சை முழுசாக மிதித்த நிலையில், நெஞ்சிலிருந்து ஸ்டீயரிங் நடு வரை அளக்க வேண்டும். 25 செ.மீ. வருகிறதா? வராவிட்டால் சாய்மானத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துப் பார்க்கலாம். ஸ்டீயரிங் மேலும் கீழும் அசைவது பார்வைக்கு உதவும், ஆனால் இடைவெளிக்கு அது முன்னும் பின்னும் நகர வேண்டும். பெல்ட் கழுத்தை அறுக்காமல் தோளின் நடுவே போக, அதன் மேல் கொக்கியை இறக்க முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் க்ளட்ச் தொல்லையே இல்லை, சீட்டைப் பின்னால் தள்ளலாம்.

சிக்கல் என்னவென்றால், இந்த வசதிகளில் பல, நிறைய மாடல்களில் பேஸ் வேரியன்ட்டில் வருவதில்லை. 4 மீட்டருக்குள் வண்டி செய்ததற்காக வரிச்சலுகை எல்லா வேரியன்ட்டுக்கும் கிடைக்கிறது. உட்காருகிறவருக்குப் பொருந்தும் சீட் மட்டும் மேல் வேரியன்ட் வாங்குகிறவருக்கே கிடைக்கிறது. சன்ரூஃபுக்கும் பெரிய திரைக்கும் கூடுதல் காசு கொடுப்பதா என்று யோசிக்கும் வீடுகள், அதே காசில் சீட் ஏறி இறங்குகிறதா என்று முதலில் கேட்கலாம்.

1998-ல் ஒரு கம்பெனி கூரையை உயர்த்தியதும் மற்றவர்களும் மெல்ல மெல்ல உயர்த்தினார்கள். 2006-ல் அரசு ஒரு கோடு போட்டதும் எல்லா வண்டியும் அதற்குள் சுருங்கியது. 3999 மில்லிமீட்டர் வரை துல்லியமாக வெட்டத் தெரிந்த தொழிற்சாலைகளுக்கு 25 சென்டிமீட்டர் ஒரு பெரிய வேலை இல்லை. ஷோரூமில் வாங்குகிறவர்கள் ஸ்கேலோடு கேட்க ஆரம்பித்தால், அடுத்த கணக்கு அங்கிருந்தே தொடங்கும்.